அவள் பேரைச் சொன்னவர்கள்

“இந்த மாசம் யாராவது அவ பேரைச் சொல்லியிருக்காங்களா, மேடம்?”

தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார் பஸ் டிரைவர். மாதம் தவறாமல் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து அவர் கேட்கிற ஒரே கேள்வி இதுதான்.

நூலகர் கணினியில் தேடினாள். டிரைவரின் மனைவி ஒரு தாவர விஞ்ஞானி. உப்பு ஏறிப்போன மண்ணில் செடியின் வேர் நல்ல தண்ணீரை எப்படித் தேடிப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து எழுதினவள். எழுதியதென்னவோ நாலைந்து கட்டுரைகள்தான். வெளிவந்தபோது யாரும் சீந்தவில்லை. இப்போதோ எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்களெல்லாம் தங்கள் ஆய்வுகளில் அவளை மேற்கோள் காட்டுகிறார்கள்.

“ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல சார், ஒரு கூட்டமே சொல்லியிருக்கு!”

“என் பஸ்ஸா இருந்தா படியில தொங்குவாங்கபோல இருக்கே!” என்று சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “நல்லவிதமாத்தானே?”

“கேளுங்க. ‘இந்தத் துறையில் இன்று நடக்கும் ஆய்வுகள் அத்தனைக்கும் விதை போட்டவர் இவரே.’ பெரிய பத்திரிகை சார். அதில போட்டிருக்கான்.”

“இன்னொரு தடவை படிங்க மேடம்.”

படித்தாள். பாடம் ஒப்பிக்கப்போகும் பிள்ளையைப்போல டிரைவர் உதடு அசைத்துக் கூடவே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“எந்நேரமும் அந்தத் தொட்டிச் செடிகளே கதின்னு கிடப்பா. ‘பேசாம ஒரு செடியைக் கட்டியிருக்கலாமே’ன்னு கிண்டல் பண்ணுவேன். ‘செடி இப்படித் தொணதொணக்காது’ம்பா.” அவர் முகம் வாடியது. “குழந்தை குறைமாசத்துல பொறந்துச்சு மேடம். மூச்சுவிடவே சிரமம். அத்தோட எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

நூலகர் என்றைக்கும் தானாக எதையும் கேட்டதில்லை. புண்ணைக் கிளறுவானேன்?

“குழந்தை இப்ப எப்படி இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

“பள்ளிக்கூடம் போறா. வாய் இருக்கே, அப்படியே அவங்கம்மா! ‘அம்மா முன்னாடி என்ன வேலை செஞ்சாங்க?’ன்னு குடைஞ்செடுக்கறா. எனக்கு வேரும் தெரியாது, இலையும் தெரியாது. இங்கே நீங்க சொல்றதைத்தான் போய்ச் சொல்றேன்.”

நூலகரின் கணவர் போன பிறகு, அவளை நோகடிக்கக் கூடாதென்று உறவும் நட்பும் அவர் பேரையே எடுப்பதில்லை. யாராவது வாய் தவறியாவது சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கியிருக்கிறாள். அதனால்தான் இந்த மனிதர் வந்தால் எந்த வேலையையும் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

“இத்தனை பேர் நினைச்சுக்கிட்டிருக்கற வரைக்கும் அவங்க எங்கேயும் போயிடலை சார்,” என்றாள்.

“அதைத்தான் மேடம் நானும் சொல்றேன்!” டிரைவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒரு உதவி பண்ணணுமே. இப்ப படிச்சீங்களே, அதை நீங்களே அவகிட்ட ஒரு தடவை சொல்லணும்.”

நூலகர் ஒரு கணம் திகைத்தாள். பிறகு புரிந்தது. கணவரின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அவளும்தான் அன்றாடம் பேசுகிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

“கண்டிப்பா சொல்றேன்,” என்று கைப்பையை எடுத்துக்கொண்டாள். “எங்கே வரணும்? வீட்டுக்கா?”

“எதுக்கு மேடம் அவ்வளவு தூரம்?” டிரைவர் விறுவிறுவென்று வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “உள்ளே வா. குழந்தையைப் பார்த்துக்கறதுக்காக வேலையை விட்டவளை இனிமே யாருக்கு ஞாபகம் இருக்கும்னு பாதி வழியில வீட்டுக்கே திரும்பிப் போகப் பார்த்தியே, இவங்களைக் கேளு. கேட்டுட்டு அப்புறமா இன்டர்வியூவுக்குப் போ.”

சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்தபடி தயங்கித் தயங்கி உள்ளே வந்தவளின் கையை நூலகர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அது கதகதப்பாக இருந்தது.