பாதாளக் குரல்

பாட்டில் அந்தக் குரல் நுழைந்த இடத்தில் ஒரு பெண் பக்கென்று சிரித்துவிட்டாள்.

பெல்லிங்ஹாம் ரெக்கார்டு கடையின் நிலவறை. பன்னிரண்டு பேர் கறுப்புச் சட்டையோடு தரையில் மல்லாந்து கிடந்தோம். ஒரே கிடார் சத்தம் ஒன்பது நிமிஷமாக இழுத்து, அப்போதுதான் பாறையை மெல்லுகிற மாதிரி அந்த உறுமல் வந்திருந்தது.

கடைக்காரர் லோவெல் இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினார். தும்மினவனையே வெளியே அனுப்புகிறவர்.

"ஏம்மா, எழவு வீட்ல வந்து இளிப்பீங்களா?"

"மன்னிச்சிருங்க. என்னையறியாம வந்துருச்சு." புதுசாக வந்தவள். ஐந்தடிக்கு மேல் ஒரு விரல்கூட இருக்காது. கம்பளிச் சட்டையில் வாத்துப் படம் வேறு.

"இது என்ன தட்டுன்னு தெரியுமா? உலகத்துலயே நூறுதான் போட்டாங்க. பேர் கிடையாது, ஊர் கிடையாது, லேபிள்ல ஒரு எழுத்து கிடையாது. பாடினவன் யாருன்னு பன்னிரண்டு வருஷமா தேடறேன்."

"ஆம்பளைன்னு எப்படிங்க தெரியும்?"

லோவெல் பரிதாபமாகப் பார்த்தார். "இந்த அடிக்குரல் பொம்பளைக்கு வருமா? ஆள் ஆறரை அடிக்குக் குறைய மாட்டான். நான் இதைப்பத்திப் பதினாலு பக்கம் எழுதியிருக்கேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"வெளிய அனுப்புங்கண்ணே," என்றான் கர்ட்டிஸ், படுத்த வாக்கிலேயே. "கல்யாணப் பாட்டுக் கேக்கற கேஸு இது."

லோவெலின் குரல் திடீரென்று இறங்கியது.

"அம்மா, என் சம்சாரம் ஜோனி செத்தப்போ எனக்கு மூச்சு விடறதே மறந்துபோச்சு. இந்தக் குரல் மெதுவா ஏறி எறங்கும் பாருங்க, அதுக்கு ஒரு மூச்சு. அடுத்ததுக்கு இன்னொண்ணு. அப்படித்தான் அந்த வருஷத்தத் தாண்டினேன். சிரிக்காதீங்க."

அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

எனக்கா பொறுக்கும்? பின்னாலேயே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் லோவெல் குரலிலேயே கேட்டேன்: "'ஆள் ஆறரை அடிக்குக் குறைய மாட்டான்.' இதுக்குத்தானே சிரிச்சீங்க?"

"அச்சு அசல் அவர் மாதிரியே பேசறியே!" என்றாள். "நான்தாம்ப்பா அது."

"எது?"

"அந்த ஆறரை அடி."

தொண்டையைச் செருமி, ஓர் உறுமல் உறுமினாள். எதிர்ச்சாரியில் போன நாய் எஜமானரை இழுத்துக்கொண்டு ஓடியது. அதே உறுமல்தான். கொஞ்சம் வேகம், கொஞ்சம் மெல்லிசு.

"நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துல ஓட வேண்டிய தட்டு. உங்காளு முப்பத்துமூணுல மெதுவா ஓட விடறாரு. அதான் எனக்கு மீசை மொளைச்சிருச்சு. லேபிள் காலியா இருந்தாத்தான் கெத்துன்னு, வேகத்தைக்கூடப் போடாம விட்டேன்."

பன்னிரண்டு வருஷம்! பதினாலு பக்கம்! எனக்கு உள்ளங்கால் வரை குறுகுறுத்தது. இந்த லோவெல்தான் போன மாசம், "உனக்கெல்லாம் காது எதுக்குடா?" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டவர்.

"இருங்க, உள்ள போய்ப் போட்டு உடைச்சுட்டு வரேன்!"

என் சட்டைக் கையைப் பிடித்தாள். "வாயைத் தொறந்தே, கொன்னுருவேன்."

இதை அந்தக் குரலில் சொன்னாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் பஸ் ஏறிப் போனாள்.

நாலு மாசம் கழித்து, அனுப்பியவர் பேரில்லாமல் கடைக்கு ஒரு பெட்டி வந்தது. லோவெல் பிரித்து, உள்ளே இருந்த தட்டை ஓட விட்டார்.

"அதே தட்டுடா! புதுசா அச்சுப் போட்டிருக்கான் மகராசன்!"

இந்தத் தடவை லேபிள் காலியாக இல்லை. வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: 'முப்பத்துமூன்று சுற்றில் மட்டும் கேட்கவும்.'

லோவெல் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதைச் சொல்ல வேற வேணுமா? இந்தத் தட்டைப் போயி நாப்பத்தஞ்சுல வெச்சுக் கேக்கற மடையனும் உலகத்துல இருக்கானாடா!"