மேட்ரன் வீட்டுக் காலிங் பெல்

“வாரா வாரம் என் காலிங் பெல்தானா? உடைக்கிறதுக்கு வேற எதுவும் கிடைக்கலையா உனக்கு?” என்றார் தையல்காரர், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

“மெதுவாப் பேசுங்க. மேல இருக்கறவனுக்குக் கேட்டுடும்” என்றாள் அவர் மனைவி.

“கேக்கட்டும். மிஷின் சத்தத்துல கதவைத் தட்டினா எனக்குக் காதுல விழறதில்ல. நேத்து ஒரு கல்யாணக் கோட்டு வந்த வழியே திரும்பிப் போயிடுச்சு.”

ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்று வந்த பிறகும் கட்டடம் முழுக்க அவளுக்கு மேட்ரன் என்றுதான் பெயர். கணவருக்கு வாய்தான் புலம்பும், காரியம் நடந்துவிடும். அது அவளுக்குத் தெரியும்.

மேல்மாடி எலக்ட்ரீஷியன், மனைவியைப் பறிகொடுத்த நாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டவன். வேலைக்கும் போவதில்லை. மேட்ரன் சாப்பாடு கொண்டுபோய் வைத்தால், பாத்திரம் மூடியோடு அப்படியே வாசலில் கிடக்கும். சபையிலிருந்து ஜெபிக்க வந்தவர்களையும் அவன் உள்ளே விடவில்லை. “ஒண்ணும் வேண்டாம்” என்று குரல் மட்டும் வரும்.

யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரைகூட இரவல் கேட்டறியாதவள் மேட்ரன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது யோசித்தாள். கொடுக்கப் போனால் திறக்காத கதவு, கேட்கப் போனால் திறக்குமோ? வந்ததும் வராததுமாகக் கணவரை ஸ்டூலில் ஏற்றி, பெல்லின் ஒயரைக் கழற்றச் சொன்னாள். மாடிக்குப் போய், “தம்பி, எனக்கு ஒரு உதவி வேணும்” என்றாள்.

கதவு திறந்தது.

“அயலானை நேசின்னு பாதிரியார் சொன்னாரு, சரி.” இத்தனை வாரமாகியும் தையல்காரர் விடுவதாயில்லை. “அதுக்காக நம்ம வீட்டையே உடைக்கச் சொன்னாரா?”

“பைபிள்ல நாலு பேர் சேர்ந்து கூரையைப் பிரிச்சு, படுத்த படுக்கையா இருந்தவனை ஆண்டவர் முன்னால இறக்கினாங்களே. அது யார் வீட்டுக் கூரை? அந்த வீட்டுக்காரன் ஒரு வார்த்தை பேசினானா?”

“பேசியிருப்பான். எழுதாம விட்டிருப்பாங்க.”

படியில் செருப்புச் சத்தம். இருவரும் கப்சிப்.

எலக்ட்ரீஷியன் ஸ்டூலில் ஏறிப் பெல்லைத் திறந்தான். இன்று முகம் மழித்திருந்தான்.

“மறுபடியும் அதே ஒயர்தான் ஆன்ட்டி.”

“பழைய பெல் தம்பி. உனக்குத்தான் தொந்தரவு.”

“இதுல என்ன தொந்தரவு? அங்கிள் மிஷினை மிதிக்கிற மிதியில கட்டடமே ஆடுது. பெல் எம்மாத்திரம்?”

தையல்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வேலை முடிந்தும் அவன் கிளம்பவில்லை. மேட்ரன் தட்டு வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டான். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினான். பழைய முதலாளி திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், போகலாம் என்று இருக்கிறேன் என்று தட்டைப் பார்த்தே சொன்னான்.

அவன் மாடி ஏறி முடிக்கும்வரை மேட்ரன் பொறுத்திருந்தாள்.

“போதும். இனிமே நீங்க அந்த ஒயரைக் கழட்ட வேண்டாம்.”

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். “நானா? முதல் தடவைக்கு அப்புறம் நான் எங்க அதைத் தொட்டேன்? நீதானே வாரா வாரம் கழட்டறே?”

“நான் விரல்கூட வைக்கலையே.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பெல்லின் மூடியைக் கழற்றினார். இப்போதுதான் மாட்டிய ஒயர், முறுக்காத திருகில் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பத்துத் தடவை கதவைச் சாத்தினால் தானாகக் கழன்றுவிடும்.

“பேர் போன எலக்ட்ரீஷியன். இப்படியா மாட்டிட்டுப் போவான்?” என்று திருகை முறுக்கக் கையை நீட்டினார்.

மேட்ரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முறுக்காதீங்க. அடுத்த வாரமும் அவன் வரணும்ல.”