ஸ்டிக்கருக்கு அடியில்

பட்டுக்கோட்டைப் பள்ளிக்கூடத்து மேடையில் பத்துக் கம்ப்யூட்டர் பெட்டிகள். எல்லாப் பெட்டியிலும் சங்கத் தலைவர் ரெமிஜியஸ் ஸ்டிக்கராகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு இலவசக் கம்ப்யூட்டர் வாங்க வந்திருந்த ஏழைத் தாய்மாரில் யாரை முதலில் கூப்பிடுவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. தேங்காய் மண்டிக் கூலி அருள்ஜோதியின் சாயம்போன சேலை, போட்டோவில் பிரமாதமாக விழும்.

"கம்ப்யூட்டர்னா என்னன்னு தெரியுமாம்மா?" என்று மைக்கிலேயே கேட்டார். கூட்டம் சிரித்தது.

"சிங்கப்பூர் நண்பர்கள்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கியாந்திருக்கேன். இனிமே உன் பொண்ணு வீட்டுல இருந்தே உலகத்தோட பேசலாம். எங்க, ரெண்டு வார்த்தை நன்றி சொல்லு!"

அருள்ஜோதி மைக்கை வாங்கவில்லை. பெட்டியருகே குனிந்து, ரெமிஜியஸின் சிரிப்பை ஓரத்திலிருந்து நகத்தால் உரித்தாள். அடியில் மார்க்கர் பேனாவில் பள்ளிக்கூடத்தின் பெயர் கோணல்மாணலாக எழுதியிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் எழுத்துங்க. அவரும் கூட வெல்டிங் பார்க்குறவங்களும் சேர்ந்துதான் இந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குன்னு சிங்கப்பூர்லேருந்து உங்க சங்கத்து விலாசத்துக்கு அனுப்புனாங்க."

ரெமிஜியஸ் அவசரமாகக் கைதட்டினார். யாரும் சேர்ந்து தட்டவில்லை.

அருள்ஜோதி இப்போது மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"போன்ல பன்னெண்டு பெட்டின்னு சொன்னாரு. இங்க பத்துதான் இருக்கு. மீதி ரெண்டும் யார் வீட்டுல இருந்து உலகத்தோட பேசுதுங்க?"