உதிராத பொருக்கு

"உலகம்மாள் இன்னிக்கும் வரல்ல சிஸ்டர். பொருக்கு உதிரல்லையாம், சொல்லி விட்டிருக்கா" என்றாள் ஆயா பகவதியம்மாள். "ரெண்டு பேர் வேலையை நான் ஒருத்தி எத்தனை நாள் பாக்க?"

பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் ரத்னாபாய் விரல் விட்டு எண்ணினாள். உலகம்மாளுக்குச் சின்னம்மை கண்டு பதினைந்து நாள். எழுபத்திமூணாம் வருஷக் கோடை, தெருத்தெருவாக அம்மை. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு உதிராமல் ஆயாக்கள் யாரும் வார்டில் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டவளே ரத்னாபாய்தான். ஆனால் அதற்குப் பத்து நாள் போதுமே?

"சுகமாக் கிடந்து உறங்குகா, வேறென்ன!" என்றாள் பகவதியம்மாள்.

மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு ரத்னாபாயே வலியசாலையில் உலகம்மாள் வீட்டுக்கு நடந்தாள். பொய் என்றால் நாளைக்கே மெமோ.

உலகம்மாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலும் கழுத்திலும் தழும்புகள்தான். பொருக்கு ஒன்றுகூட இல்லை.

"இதுதான் உதிராத பொருக்கா?"

உலகம்மாள் தலை குனிந்தாள். "பொய்தான் சிஸ்டர்."

"எதுக்கு?"

அவள் பக்கத்து வீட்டுக்குள் கூட்டிப் போனாள். பாயில் மூன்று வயசுப் பெண் குழந்தை. உடம்பெல்லாம் கொப்புளம்.

"அஞ்சு நாளாச்சு. தகப்பன் சாலைக் கடைத்தெருவிலே மூட்டை தூக்கப் போயிருவான். அம்மைன்னு ஒருத்தரும் கிட்ட வரல்ல. எனக்கு வந்து போயாச்சு, இனி ஒட்டாதுல்லா?"

"இதை எங்கிட்டே சொன்னா என்ன? மறைக்கதுக்கு இதிலே என்ன இருக்கு? தாய் எங்கே?"

உலகம்மாள் ஈரத்துணியால் குழந்தையின் நெற்றியை ஒற்றினாள்.

"நம்ம வார்டிலேதான் சிஸ்டர். கால் வீக்கம்னு போன வாரமே வந்து சேர்ந்து, முந்தாநாள் பெத்தாளே, பொன்னம்மை. அவளுக்கு இது வந்ததில்ல. வார்டிலே யாருக்குத் தெரிஞ்சாலும் அவ காதுக்குப் போயிரும். கேட்டா, பச்சைப்பிள்ளையையும் தூக்கிட்டு இங்கே ஓடி வந்திருவா."

ரத்னாபாய் குடையைச் சுவரில் சாத்தினாள்.

"அவளை நாளைக்கு வீட்டுக்கு அனுப்பலாம்னு இருந்தேன். இனி ஒரு வாரம் கழியட்டும். நீயும் அதுவரைக்கும் டியூட்டிக்கு வரண்டாம்."

பாயருகே உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"துணியை இங்கே தா. எனக்கும் சின்ன வயசிலே வந்து போனதுதான். நீ போய் ஒரு வாய் சாப்பிடு."