அத்தை கையில் அரிவாள்

மாரீஸ்வரி துணி காயப்போட மாடிப்படி ஏறினாள். பின்னாலேயே மாமியார் மலையம்மாளும் ஏறினாள், கையில் புல்லறுக்கும் அரிவாளோடு.

மொட்டை மாடியில் ஏது புல்? கேட்கத்தான் மாரீஸ்வரிக்கு நாக்கு துடித்தது. அரிவாளைப் பார்த்ததும் அது உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான். கிணற்றடிக்குப் போனாலும் அரிவாள், கோயிலுக்குப் போனால் கட்டைப்பைக்குள் அரிவாள். குச்சனூர்க் கோயில் வாசலில் பூக்காரி கேட்டே விட்டாள்: “என்ன மதினி, சனீஸ்வரனையே மெரட்டப் போறீகளா?”

“நம்ம வீட்டுப் பொருளுக்கு நாமதேன காவலு?” என்றாள் மலையம்மாள், மருமகளைப் பார்த்துக்கொண்டே.

போன வாரம் விருந்தாளிகள் வந்தபோதும் அப்படித்தான். அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாழைத் தோப்புக்குள் நின்று, “ஏத்தா மாரி, எலை அறுக்கணும், கத்தியக் கொண்டா!” என்று குரல் கொடுத்தாள்.

மாரீஸ்வரி பயந்ததற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு வலிப்பு. தேனி டாக்டர் கொடுக்கும் மாத்திரை புண்ணியத்தில் சில வருடங்களாக அடங்கிக் கிடக்கிறது. பெண் பார்க்க வந்த அன்றே தங்கப்பாண்டியனிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

“அதனால என்ன? எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றான் அவன். தாலி கட்டி ஐந்து மாதமாகியும் அந்தச் சொல் அவன் தொண்டையைத் தாண்டவில்லை.

தாண்டாததற்கும் காரணம் இருந்தது. உதைக்கிற மாட்டைச் சாது என்று சொல்லி ஒருவன் மலையம்மாள் தலையில் கட்டிவிட்டான். ஆண்டிபட்டி வரைக்கும் மாட்டைக் கொண்டுபோய், அவன் வீட்டு வாசலிலேயே கட்டிவிட்டுத்தான் வந்தாள். “கொறையச் சொல்லிக் குடுத்தா வச்சுக்கிருவேன். மறைச்சுக் குடுத்தா திருப்பி ஓட்டிருவேன்” என்ற அவள் வசனம் ஊருக்கே மனப்பாடம்.

மாட்டுக்கு அந்தக் கதி என்றால் மருமகளுக்கு?

“நம்ம வாயால சொன்னா அம்மா நம்பாது. டாக்டருக எழுதுனதக் காட்டுவோம்” என்று அன்று சாயங்காலம் தங்கப்பாண்டியன் போனை எடுத்தான். வலிப்பு என்று தேடியதும் வீடியோக்கள் வரிசை கட்டி வந்து நின்றன. தாடி வைத்த ஒருவர், தம் எண்ணெயைத் தேய்த்தால் ஒரே வாரத்தில் வலிப்பு ஓடிவிடும் என்றார். இன்னொருவர், கழுதைப்பால் குடித்தால் வலிப்பும் போகும், ஆட்டிசமும் போகும், கோர்ட்டில் கிடக்கும் வழக்கும் ஜெயிக்கும் என்றார்.

“ஏங்க, தேனி டாக்டர் என்ன சொன்னாக? யாரு எழுதுனது, எப்ப எழுதுனது, கடைசியில எதையாச்சும் விக்கிறாகளான்னு பாக்கச் சொன்னாகள்ல?”

“இந்தத் தாடி எண்ணெ விக்கிறாரு.”

“தள்ளுங்க.”

“இவரு கழுதையவே விக்கிறாரு மாரி!”

தள்ளித் தள்ளிக் கடைசியில் நரம்பியல் மருத்துவர் சங்கம் ஒன்றின் பக்கம் வந்தது. நல்ல தமிழ். எழுதிய டாக்டரின் பெயர், படிப்பு, இந்த வருடத்துத் தேதி எல்லாம் இருந்தன, விற்பதற்கு ஒன்றுமில்லை. வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், என்னென்ன செய்யவே கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

“இத நம்ம குடும்ப குரூப்புல பொதுவாப் போட்டு விடுறேன். வாசிச்சு அம்மா மனசு எளகட்டும். பெறகு மெதுவாச் சொல்லிக்கிறேன்.”

“சந்தேகம் வராதா?”

“‘அனைவருக்கும் பகிரவும்’னு அடியில போட்டுட்டா ஒருத்தருக்கும் வராது.”

அனுப்பினான். அம்மா பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது. எதற்கெடுத்தாலும் ரோசாப்பூப் படம் அனுப்புகிற மலையம்மாளிடமிருந்து அன்று ஒரு இதழ்கூட வரவில்லை.

மறுநாள் காலையில் தெருவுக்குள், “பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!” என்று மைக் கட்டிய வண்டி நுழைந்தது. மலையம்மாள் அரிவாளை ஓங்கிக்கொண்டு வேகமாக வெளியே போனாள். பல் விளக்கக் கொல்லைக்குப் போன தங்கப்பாண்டியன், அங்கேயே தங்கிவிட்டான்.

திரும்பி வந்த மலையம்மாள் கையில் அரிவாள் இல்லை. முந்தானை நிறையப் பேரீச்சம்பழம் இருந்தது.

“தின்னு ஆத்தா.”

மாரீஸ்வரி பழத்தை வாங்காமல் மாமியார் முகத்தையே பார்த்தாள். “அருவா எங்க அத்தே?”

“வண்டியில தூக்கிப் போட்டுட்டேன். உன் புருசன் அனுப்புனத ராத்திரி வாசிச்சேன். இனி அது வேண்டியதில்ல.”

“அப்ப மாட்டுக்குப் புல்லறுக்க?”

“அந்த மொன்னை அருவாளுலயா? புல்லே பாத்துச் சிரிக்கும்.”

மாரீஸ்வரிக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. “பெறகு எதுக்கு அத்தே இத்தன நாளா அதத் தூக்கிக்கிட்டு என் பின்னாலயே திரிஞ்சீக?”

மலையம்மாள் ஒரு பழத்தைப் பிட்டு, கொட்டையை எடுத்துவிட்டு, மருமகள் வாயில் வைத்தாள்.

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீ என் மகன்கிட்டச் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. உனக்கு வலிப்பு வந்தா கையில குடுக்கத்தேன்!”