சீருக்கு விலை

பொங்கலுக்கு முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கு நல்லசிவம் தன் தங்கை தெய்வானைக்கு ஒரு ஜோடிக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வெட்டிக் கொடுத்தார். வெளியே போகும் விளைச்சலுக்கு வரிக்கணக்கு வைக்கும் தோட்டத்துக் கேட் திறக்கவில்லை.

"வாங்குபவர் தெய்வானை. விலையைச் சொல்லுங்கள்," என்றது கேட்.

"விக்கலைங்க. பொறந்த வீட்டுச் சீரு."

"விலை இல்லாமல் வெளியே போகும் விளைச்சல், மறைத்த வருமானம். நிலத்தின் வரிவிலக்கு ரத்தாகும்."

"ஏதோ ஒரு வெலையைச் சொல்லிருங்கண்ணா," என்றாள் தெய்வானை. "நானே குடுத்தர்றேன்."

"கூடப் பொறந்தவகிட்டச் சீருக்குக் காசு வாங்கறதா? அதுக்கு நான் கடை வெச்சுக்கலாம்."

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க. வெறுங்கையோட வந்தேன்னு எங்க மாமியா இன்னும் குத்திக்காட்டறாங்க."

தோட்டத்துக்குள்ளேயே தின்பதற்குக் கணக்கில்லை. அவள் கேட்டுக்கு உள்பக்கம் உட்கார்ந்து ஒரு கரும்பை உடைத்துக் கடித்தாள். சக்கையை வரப்பில் துப்பினாள். அவர் மஞ்சள் கொத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டதும் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்தாள். வெறுங்கையோடு அவள் கிட்டே போனதும் கேட் தானாகத் திறந்தது.

வெளியே போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"மாமியா வாசல்லயே நின்னு, அண்ணன் என்ன குடுத்தாருன்னு கேப்பாங்க. என்னங்கண்ணா சொல்றது?"