உளவாளி எங்கே?

"பயல் எங்கடா போனான்? அவன் காட்டிக்கொடுக்காம இவ்வளவு பெரிய ஏரியில எங்கே வலை போடறது? இன்னைக்கு வெறும் பாசின்னா நம்ம குத்தகை போச்சு!" என்று புலம்பினார் வலைக்காரர்.

படகிலிருந்த மைத்துனன் கையிலிருந்த கருவியை நாலாபக்கமும் திருப்பினான். கரைப்பக்கம் திருப்பியபோதுதான் அது 'பீப்' என்றது.

சத்தத்தைத் தொடர்ந்து போனார்கள். அது வலைக்காரரின் வீட்டுச் சமையலறையில் போய் நின்றது.

"அவன் இங்கேதான் இருக்கான். எங்கே ஒளிச்சு வச்சிருக்க?" என்று மனைவியிடம் கத்தினார்.

"குழம்புல."

"என்னது?"

"நேத்து நீங்க பார்க்காம அள்ளிட்டு வந்த கெண்டையில ஒண்ணோட வயித்துல ஏதோ மிஷின் இருந்துச்சு. கழுவி ஜன்னல்ல வச்சிருக்கேன்."

மீன்கூட்டம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க, வயிற்றில் கருவி வைத்துத் தைத்து அவரே ஏரியில் விட்ட கெண்டை அது. வலைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மைத்துனன் தட்டோடு வந்தான்.

"அக்கா, துரோகியோட தலை எனக்கு."